கன்னத்துப் பச்சை

மார்ச் 3, திங்கள்

நேற்று டைரக்டர் ஜெயந்தன் கேட்டதைச் செய்து வைத்தால், இன்று வந்து "இதை எப்பய்யா கேட்டேன்?" என்கிறார். அதனால் அன்றன்று நடந்ததை எழுதிவைக்கப் போகிறேன். நாளை தகராறு வந்தால் தேதியோடு காட்டலாம். வேறு எதற்கும் இல்லை.

சாலிகிராமத்தில் எங்கள் ஸ்டுடியோ. எடுத்து வந்த படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் திருத்துவது என் வேலை. இப்போது ஓடுவது ஐஸ் ஃபேக்டரி சண்டை. ஹீரோ ஐஸ் உடைக்கிற கம்பியை ஒருத்தன் கழுத்தில் இறக்குகிறான். பாளத்தில் ரத்தம் தெறிக்கிறது. காலையிலிருந்து அந்த ரத்தத்தோடுதான் குடித்தனம்.

"போன்ல பாத்தா சிவப்பா இருக்கு, உன் திரையில பாத்தா கறுப்பா இருக்கு. எதுய்யா உண்மை?"

"ரெண்டும் இல்ல சார்."

"அப்ப எதுக்கு உனக்குச் சம்பளம்?"

காமா என்றால் என்ன என்று அவருக்கு மூன்றாவது முறையாகச் சொன்னேன். ஒரே ஒரு மெழுகுவத்தி எரிகிற அறையில் இன்னொன்றை ஏற்றினால் யாருக்கும் தெரியும். நூறு எரிகிற இடத்தில் இன்னொன்றை ஏற்றினால் ஒருவருக்கும் தெரியாது. கண் அப்படித்தான் பார்க்கிறது. கேமரா அப்படி இல்லை, விழுந்த வெளிச்சத்தை அப்படியே எண்ணி வைக்கும். அதனால் கண்ணுக்கு ஏற்ற மாதிரி இருட்டுப் பகுதிக்கு நிறைய படிகளும் வெளிச்சப் பகுதிக்குக் குறைவாகவும் ஒதுக்கிச் சேமிக்கிறோம். அந்த வளைவுதான் காமா. தியேட்டருக்கு ஒரு வளைவு, டிவிக்கு ஒன்று, போனுக்கு ஒன்று. ஒன்றுக்குப் போட்டதை இன்னொன்றில் காட்டினால் இருட்டில் இருப்பது முழுகிப் போகும், இல்லையென்றால் சாயம் போன துணி மாதிரி வெளுக்கும்.

"சரி, எனக்கு ரத்தம் சிவப்பா வேணும்" என்றார்.

வீடு திரும்பும்போது வடபழனி சிக்னலில் ஒருத்தன் பைக்கை உரசிவிட்டுப் போகப் பார்த்தான். இறங்கிச் சட்டையைப் பிடித்து ஒன்று வைத்தேன். சாவியைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டேன். அப்புறம்தான் மனசு கொஞ்சம் லேசானது.

மார்ச் 5, புதன்

அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், பதினாறாம் தேதி, வேலூரில். வாசலில் வைக்கிற ஃப்ளெக்ஸ் பேனரை நான்தான் வடிவமைக்க வேண்டுமாம். மகன் சினிமாவில் இருக்கிறான் அல்லவா. எல்லோரும் குடும்பக் குரூப்பில் போட்டோ அனுப்பச் சொல்லி அம்மா உத்தரவு. அக்கா போட்டோவை ஓசூரிலிருந்து அவள் புருஷன் பாலமுரளி மாமா அனுப்பிவிட்டார். பச்சைப் பட்டுப் புடவை, ஹாலில் டியூப்லைட்டுக்குக் கீழே எடுத்தது. மகா மட்டம். இடது கன்னத்தில் பச்சையடிக்கிறது.

யமுனா அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன். இருட்டு அறையில் இருந்து எடுத்தாள், முகம் மங்கலாகத்தான் தெரிந்தது.

"ஏன்க்கா, பகல்ல ஜன்னல் பக்கம் நின்னு எடுக்கக் கூடாதா? புடவைப் பச்சையெல்லாம் மூஞ்சியில அடிக்குது."

"அப்படியாடா? எனக்குத் தெரியலையே."

"உன் போன் அப்படி. இன்னொண்ணு எடுத்து அனுப்பு."

"இருக்கறதை வச்சுப் பண்ணேன் சர்வேஸ். நீதான் சரி பண்ணுவியே."

"ஒரு போட்டோ ஒழுங்கா எடுக்கத் துப்பில்லையா உனக்கு?" என்று கத்தினேன்.

படம் குலுங்கியது. போனை நழுவ விட்டுவிட்டாள். மறுபடி எடுத்தபோது கூரை மட்டும் தெரிந்தது. "சாரிடா, சாரிடா" என்றாள். இதற்கு எதற்கு இரண்டு சாரி? சின்ன வயதில் நான் ஒரு வார்த்தை சொன்னால் அவள் ஒன்பது திருப்பித் தருவாள். ஓசூர்க் குளிரில் சூடு ஆறிப்போய்விட்டது போல.

மார்ச் 6, வியாழன்

பேனர் வேலையை முடித்துவிட்டேன். ஸ்டுடியோ சிஸ்டத்திலேயே அக்கா முகத்தைத் திருத்தினேன். நிறங்களைப் புள்ளிகளாகக் காட்டும் வட்டம் ஒன்று எங்களுக்கு உண்டு. கறுப்போ சிவப்போ, எந்த மனிதத் தோலும் அதில் ஒரே கோட்டில்தான் விழும். தோலுக்கு அடியில் ஓடுவது எல்லோருக்கும் ரத்தம்தானே. அக்காவின் இடது கன்னம் மட்டும் கோட்டை விட்டு விலகி நின்றது. அந்தப் பச்சையை மட்டும் பிரித்தெடுத்து, கோட்டுக்கு இழுத்து வந்து வைத்தேன். பளிங்கு மாதிரி ஆகிவிட்டது கன்னம். என் கையை நானே மெச்சிக்கொண்டேன்.

மாமா குரூப்பில் பேனரைப் பார்த்துவிட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார்: "மாப்ள, கலக்கிட்டீங்க! உங்க அக்காவை நான்கூட இப்படிப் பாத்ததில்ல."

ஜெயந்தன் இன்றைக்கு ரத்தம் ரோஸ் கலராக இருக்கிறது என்றார். வெள்ளை ஐஸ் மேல் எது விழுந்தாலும் ரோஸாகத்தான் தெரியும். சொன்னேன். கேட்கவில்லை. அவர் போனதும் மவுஸைச் சுவரில் அடித்தேன். ஸ்டுடியோவில் புதுசு கேட்டிருக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

ஐஸ் சண்டை முடிந்தபாடில்லை.

மார்ச் 12, புதன்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

மதியம் பேனர்க் கடைக்காரன் ஃபைல் திறக்கவில்லை என்று போன் செய்தான். திரும்ப அனுப்புவதற்காகப் பழைய வேலையைத் திறந்தேன். திருத்தம் எல்லாம் அணைந்திருந்தது. அசல் போட்டோ பெரிய திரையில் நின்றது. அந்த நேரம் பார்த்து ஜெயந்தன் டீயோடு உள்ளே வந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"யாருய்யா மேக்கப்?"

"என்ன சார்?"

"இந்தப் பொண்ணுக்கு. நாலஞ்சு நாள் பழைய அடி மாதிரியே பச்சை கொண்டுவந்திருக்கான் பாரு. நம்ம ஆளு எப்பவும் ஊதாவை அப்பிட்டுப் போயிடறான். எந்தப் படம்? அவன் நம்பர் குடு."

"இது என் அக்கா சார். புடவைப் பச்சை அடிச்சிருக்கு."

அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். டீயை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அந்த மனுஷன் பேசாமல் போய் நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

அதற்கப்புறம்தான் நான் பார்த்தேன். அதாவது, வேலை தெரிந்தவன் பார்ப்பது போல. புடவையிலிருந்து நிறம் அடித்தால் கீழிருந்துதான் அடிக்கும். தாடைக்கு அடியில் பச்சை இருக்க வேண்டும். அங்கே இல்லை. டியூப்லைட் கோளாறு என்றால் எல்லாவற்றின் மீதும் விழும். பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவர் வெள்ளையாகவே இருக்கிறது. காதுத் தோட்டின் வெள்ளைக்கல் வெள்ளை. கண்ணின் வெள்ளை வெள்ளை. வலது கன்னம் கோட்டில் நிற்கிறது. ஒரு கன்னத்தில் மட்டும், எலும்பு மேட்டின் மீது மட்டும் பச்சை. ஓரத்தில் மஞ்சள், நடுவில் கொஞ்சம் ஊதா மிச்சம்.

இதைத்தான் படிப்பு முழுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். முதலில் வெள்ளையைப் பார், பிறகு நிறத்தைப் பார். நான் வெள்ளையைப் பார்க்கவே இல்லை.

கழுத்துப் பக்கம் இருட்டாக இருந்தது. காமாவை ஏற்றினேன். இருட்டு மட்டும் மெல்ல மேலே வந்தது. முந்தானைக்கும் சங்கிலிக்கும் நடுவில் நான்கு கோடுகள், பக்கத்துப் பக்கத்தில். என் கையை என் கழுத்தில் வைத்துப் பார்த்தேன். சரியாக உட்கார்ந்தது.

அக்காவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மாமாவுக்குச் செய்தேன். "அவ தூங்கறா மாப்ள, தலைவலியாம்" என்றான்.

மார்ச் 13, வியாழன்

அக்காவே கூப்பிட்டாள். மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில்.

"அவன் அடிக்கிறானா?"

காற்று மட்டும் கேட்டது.

"கேக்கறேன்ல!"

"கத்தாதடா. நீ கத்தினா எனக்கு ஒண்ணும் சொல்ல வராது." பிறகு சொன்னாள்: "மொத தடவை அடிச்சப்ப உலகமே இடிஞ்ச மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது தடவை அதைவிட. அப்புறம்... ஒண்ணு கூடினாலும் தெரியல, குறைஞ்சாலும் தெரியல."

"ஏன் சொல்லல?"

"போட்டோவுல தெரியும்னுதான் நெனச்சேன். பவுடர் போடச் சொன்னாரு. போடாம நின்னேன். அவரே எடுத்து அவரே அனுப்பினாரு, அவருக்குத் தெரியல. போன்ல எப்பவும் அந்த மஞ்சள் வெளிச்சத்தைப் போட்டு வச்சிருப்பாரு, கண்ணு வலிக்குதுன்னு. உனக்குத் தெரியும், நீ கேப்பேன்னு இருந்தேன்."

நான் கேட்டேன்தான். ஜன்னல் பக்கம் ஏன் நிற்கவில்லை என்று.

"இப்பவே வரேன்" என்றேன்.

"வராத. ஞாயித்துக்கெழம மண்டபத்துக்கு வரேன்ல. அங்கேருந்து திரும்பிப் போறதா இல்ல. அப்பாகிட்ட சொல்லி, ஆஸ்பத்திரியில காட்டி, புகார் குடுக்கணும். அதுவரைக்கும் ஒண்ணும் பண்ணிடாத சர்வேஸ். உன் கையி சும்மா இருக்காது. சத்தியம் பண்ணு."

செய்தேன்.

மார்ச் 14, வெள்ளி

ஐஸ் சண்டையில் கம்பி இறங்கும் ஷாட்டை மட்டும் மதியம் முழுக்க ஓட்டினேன். முன்னால், பின்னால், முன்னால். வேலை எதுவும் செய்யவில்லை. ஜெயந்தன் வந்து பின்னால் உட்கார்ந்தார். "லீவு எடுத்துக்கய்யா" என்றார். "இன்னும் ரத்தம் சரியா வரல சார்" என்றேன்.

மார்ச் 17, திங்கள்

வலது கையில் கட்டு. இடது விரலால் தட்டி போனில் எழுதுகிறேன். அதனால் நடந்ததை மட்டும்.

நேற்று மண்டப வாசலில் பேனர். அப்பா அம்மா நடுவில், சுற்றி நாங்கள். அக்கா முகம் ஆளுயரத்துக்கு, பளிங்குக் கன்னத்தோடு. அதற்குக் கீழே உண்மையான அக்கா பவுடர் அப்பிய முகமும் முழங்கை வரை நீண்ட ரவிக்கையுமாகச் சந்தனக் கும்பா ஏந்தி எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் பேனரைப் பார்த்தார்கள். "யமுனா மட்டும் வயசே ஆகாம இருக்கா" என்றாள் ஒரு அத்தை.

தாலி கட்டி முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். முடிந்தது. அக்கா அப்பாவைத் தனியாக அழைத்துப்போனதைப் பார்த்தேன். எல்லாம் அவள் சொன்னபடியே நடந்துகொண்டிருந்தது. ஐந்து நிமிடம் நான் சும்மா இருந்திருந்தால் போதும்.

பாலமுரளி வந்து தோளில் கை போட்டான். பட்டு வேட்டி, சட்டைப்பையில் வெற்றிலை.

"என்ன மாப்ள, மூஞ்சி இப்படி இருக்கு? பேனர் சூப்பர். என் பொண்டாட்டிய எனக்கே புதுசாக் காட்டிட்டீங்க."

"கன்னத்துல என்ன மாமா இருந்துச்சு?"

"எந்தக் கன்னத்துல?"

"இடது."

சிரித்தான். "அதான் நீங்க எடுத்துட்டீங்களே."

மூக்கில் விட்டேன். எலும்பு உடைகிற சத்தம் படத்தில் நாங்கள் போடுவது மாதிரி இல்லை. ஈரமான குச்சியை முறிப்பது மாதிரி, சின்னதாக. விழப் போனவனைச் சட்டையோடு இழுத்து, பேனர் கட்டியிருந்த சவுக்குக் கம்பில் முகத்தை மோதினேன். மறுபடி மோதினேன். கம்பு சாய்ந்து பேனர் கிழிந்து எங்கள் மேல் விழுந்தது. அதற்கு அடியிலும் அடித்தேன். அவன் பல் என் விரல் முட்டியில் இறங்கியது. வெள்ளை வேட்டியில் ரத்தம் சொட்டியது. நல்ல காலை வெயில். ஜெயந்தன் இத்தனை நாள் கேட்ட சிவப்பு அதுதான்.

யாரோ பின்னாலிருந்து தோளைப் பிடித்து இழுத்தார்கள். "விடுறா, விடுறா!" ஓங்கிய கையோடு திரும்பினேன்.

அக்கா. இரண்டு கைகளையும் முகத்துக்குக் குறுக்கே வைத்து, குனிந்து, சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பழகிய உடம்பு செய்கிற வேகத்தில். சந்தனம் சிதறிக் கிடந்தது.

அப்போது அவள் முன்னால் நின்றது பாலமுரளி இல்லை. நான்.

மார்ச் 18, செவ்வாய்

மகளிர் காவல் நிலையம். இரண்டு பெஞ்சுகள். ஒன்றில் நான், கையில் கட்டோடு. எதிரில் பாலமுரளி, மூக்கில் கட்டோடு. அவன் என் மீது கொடுத்த புகார் நேற்றே பதிவாகி, ஸ்டேஷன் ஜாமீனில் நான் வெளியே வந்திருந்தேன். இன்று அக்காவின் புகார். அரசு மருத்துவமனையில் காட்டிவிட்டு வந்திருந்தாள். கையில், முதுகில் இருந்ததையெல்லாம் எழுதிக்கொண்டார்கள். கன்னத்தில் மட்டும் அநேகமாக ஆறிவிட்டது. அதற்கு அந்த போட்டோதான்.

பாலமுரளியின் பெரியப்பா தணிகாசலம் வக்கீல். கிழிந்த பேனரில் அக்கா முகம் இருந்த துண்டைச் சுருட்டி எடுத்து வந்திருந்தார். மேஜையில் விரித்தார்.

"பாருங்க மேடம். நூத்துக்கணக்கான பேர் பாத்த பேனர். கன்னம் எப்படி இருக்கு? இப்ப இவங்க காட்டற போட்டோவுல பச்சையா இருக்கு. தம்பிக்குத் தொழிலே சினிமாவுல கலர் மாத்தறது. ரத்தமே வரவழைப்பாரு. எது மேடம் உண்மை?"

எதுய்யா உண்மை. அதே கேள்வி.

நான் எழுந்தேன். தோல் எந்தக் கோட்டில் விழும், சுவர் ஏன் வெள்ளை, எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தேன். இன்ஸ்பெக்டரின் மேஜை மானிட்டரில் போட்டோ வெளுத்துப் போய்க் கிடந்தது. அதில் அடியும் தெரியவில்லை, கழுத்தும் தெரியவில்லை. "மேடம், இதுல காமா தப்பா இருக்கு" என்று பட்டனில் கை வைத்தேன்.

"தம்பி, கைய எடு. போய் உக்காரு." உட்கார்ந்தேன். அவர் அக்காவிடம் திரும்பினார். "இந்த போட்டோ உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு?"

"குடும்பக் குரூப்ல மேடம்."

"யார் போட்டது?"

அக்கா போனை நீட்டினாள். இன்ஸ்பெக்டர் விரலால் தள்ளித் தள்ளிப் போனார். நிறுத்தினார். போனைத் தணிகாசலத்தின் முகத்துக்கு நேராகத் திருப்பினார்.

"உங்க தம்பி மகன் நம்பர்தானே இது? அஞ்சாம் தேதி அவரே அனுப்பியிருக்காரு. பேனர் அதுக்கப்புறம்தான் வந்திருக்கு. இவங்க ரெண்டு பேர் போனும் இங்க இருக்கட்டும்."

பாலமுரளி தன் போனை எடுத்துப் பார்த்தான். திரை மஞ்சளாக இருந்தது. எதையோ தட்டினான், மஞ்சள் போனது. வாய் திறந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனை அடித்தபோதுகூட அந்த முகம் வரவில்லை.

தணிகாசலம் விடவில்லை. எங்களை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிவந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"குடும்பத்துக்குள்ள எதுக்கும்மா? அவன் அடிச்சான், உன் தம்பியும் அடிச்சான். மூக்கெலும்பு முறிஞ்சிருக்கு, சாதாரண செக்‌ஷன் இல்ல. ஆளுக்கொண்ணா வாபஸ் வாங்கிக்கலாம். உன் தம்பி சினிமாவுல வளர்ற பையன்."

அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவன் வாழ்க்கை போயிடும்டி. உனக்காகத்தானே அடிச்சான்."

நான் வாபஸ் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். உடனே, முதலில், நான்தான் சொல்லியிருக்க வேண்டும். எதற்கும் முந்திக்கொள்கிற வாய். இன்றைக்குத் திறக்கவில்லை.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பவுடர் இல்லை.

"எனக்காக அடிக்கலம்மா அவன். சத்தியம் பண்ணிட்டு அடிச்சான்." கையை விடுவித்துக்கொண்டாள். "நீ அடிச்சதுக்கு நீ பதில் சொல்லிக்கோ சர்வேஸ். என்னை அடிச்சதுக்கு அவர் சொல்லட்டும். ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போடாதீங்க."

உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டாள்.

மார்ச் 21, வெள்ளி

ஐஸ் சண்டையை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஜெயந்தன் போன் செய்து, "கேஸ் முடிஞ்சதும் வாய்யா" என்றார். அவன் ரத்தத்தை ஆரஞ்சில் வைத்திருக்கிறானாம். தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்து.

மார்ச் 29, சனி

வேலூர் வீடு. அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலைக்கு மனுப் போடுகிறாள். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேண்டும் என்றாள். ஜன்னல் பக்கம் நிற்க வைத்து எடுத்தேன். நல்ல வெளிச்சம். கத்தவில்லை.

லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். இடது கன்னத்தில், தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிகிற அளவுக்கு, மஞ்சள் மிச்சம் இருந்தது. சுவரைப் பார்த்தேன். தோட்டுக் கல்லைப் பார்த்தேன். இரண்டும் வெள்ளை.

"அக்கா, இதை எடுத்துடட்டுமா?" என்று கேட்டேன்.

திரையைக் கிட்டே வந்து பார்த்தாள். தன் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுக்கொண்டாள்.

"வேணாம். அது தானாப் போகும். நீ கை வைக்காத."

வைக்கவில்லை. அப்படியே பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.